பிரித்த நூல்

மறதிநோய் கண்ட முதியோர் வாழும் வீடுகளில் ஒரு நாளைக்குப் பலமுறை ஒலிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்.” அன்பினால் சொல்லப்படுவது அது, ஆபத்தைத் தவிர்க்கச் சொல்லப்படுவதும்கூட. அடுப்பை அணைக்க மறந்தவரிடமிருந்து சமையலறை வாங்கப்படுகிறது. வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றவரிடமிருந்து கடைத்தெரு வாங்கப்படுகிறது. ஒரே கையெழுத்தை மூன்று விதமாகப் போட்டவரிடமிருந்து வங்கிப் புத்தகம் வாங்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் இருக்கிறது. எல்லாம் வாங்கப்பட்ட பின்பு, ஒரு நாற்காலியும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் மட்டும் எஞ்சுகின்றன.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. அத்தனை வீடுகளிலும் இந்த நாற்காலி ஏதோவொரு வடிவில் இருக்கத்தான் வேண்டும்.

தில்லி மயூர் விஹாரில், நான்காம் மாடி வீடொன்றில், அப்படியொரு நாற்காலியில் அமர்த்தப்பட்டவர் ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர். 1946-இல் பிறந்தவர், மத்திய அரசு எழுத்தரான தந்தையோடு சிறுமியாகத் தில்லிக்கு வந்து, தாமும் மத்திய அரசு அலுவலகமொன்றில் பணிபுரிந்து 2006-இல் ஓய்வுபெற்றவர். நோய் முற்றத் தொடங்கிய காலத்தில் அவர் மருமகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டது உணவைப் பற்றியோ மறைந்த கணவரைப் பற்றியோ அன்று. “ஏம்மா, எனக்கு ஏதாவது வேலை இருக்கா?” என்பதே அவர் கேள்வி. இல்லை என்ற விடை வந்ததும் தலையசைப்பார். பத்து நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே மரியாதையோடு, மேலதிகாரியின் அறை வாசலில் நிற்பவரைப் போல மறுபடியும் வரும்.

அவருக்குத் தெரிந்த வேலைகளுள் ஒன்று கம்பளிப் பின்னல். தமிழகத்தில் வளர்ந்திருந்தால் அது அவருக்கு வாய்த்திராது. லோதி காலனி அரசுக் குடியிருப்பில், பிரிவினைக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு நடுவே அவர் வளர்ந்தார். குளிர்காலப் பகல்களில் கயிற்றுக் கட்டிலை வெயிலுக்கு இழுத்துப் போட்டு, வேர்க்கடலைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் சூழ, பேச்சு நிற்காமல் கைகளும் நிற்காமல் அமர்ந்திருந்த பெண்களே அவருக்கு ஆசிரியர்கள். ஆகவே அவர் கண்ணிகளைத் தமிழில் எண்ணுவார். பின்னலின் பெயர்களை இந்தியில் சொல்வார். நேர்ப்பின்னல் ‘சீதா’, புரட்டுப் பின்னல் ‘உல்டா’. “ரெண்டு சீதா, ரெண்டு உல்டா” என்பது அவர் வாயில் மந்திரம் போல இருந்தது. அலுவலக மதிய இடைவேளைகளில் புல்தரையில் அமர்ந்து அவர் பின்னிய ஸ்வெட்டர்கள் அலுவலகத்திலும் குடும்பத்திலும் பலருடைய தோள்களில் வலம் வந்தன. லூதியானாவின் இயந்திர ஸ்வெட்டர்கள் மலிந்த பிறகு, தில்லியின் பெரும்பாலான வீடுகளைப் போல அவர் வீட்டிலும் ஊசிகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

அந்த ஊசிகளைத் தேடி எடுத்தவர் மருமகள். ஒரு ஜோடி ஊசியும் இரண்டு உருண்டை நூலும் கைக்கு வந்தபோது, காலையில் உண்டதை நினைவுகூர இயலாத அந்த அம்மையார் ஒரு நொடியும் தயங்கவில்லை. நூலின் முனையை இடது கட்டைவிரலில் சுற்றி, ஊசியில் கண்ணிகளை ஏற்றி, பின்னத் தொடங்கினார். குடும்பத்தார் இதை அதிசயம் என்றனர். நரம்பியல் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது.

வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கர் ஹென்றி மொலைசன், அதன் பின் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் பதித்துக்கொள்ள இயலாதவரானார். உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி நட்சத்திர வடிவொன்றின் இரு கோடுகளுக்கிடையே வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தார். முந்தைய நாள் வரைந்தது மொலைசனுக்கு நினைவில்லை; ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. 1962-இல் வெளியான இந்த ஆய்வு, ‘நேற்று என்ன நடந்தது’ என்னும் நினைவும் ‘எப்படிச் செய்வது’ என்னும் நினைவும் மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பதைப் புலப்படுத்தியது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலாவதைத்தான் முதலில் அரிக்கிறது. கையின் நினைவு பிற்காலம் வரை தாக்குப்பிடிக்கக்கூடும். அதுவும் நிரந்தரமன்று, பின்னல் இந்நோய்க்கு மருந்தும் அன்று. நோய் விட்டுவைத்திருக்கும் இடம் எது என்பதை மட்டும் அது காட்டுகிறது.

வேலை கிடைத்துவிட்டது, கேள்வி குறைந்தது. ஆனால் புதியதொரு சிக்கல் எழுந்தது. இரண்டு நாளைக்கு ஒரு கழுத்துத்துணி வீதம் பின்னப்பட்டால், அத்தனையையும் அணிவது யார்? பதினான்கு கழுத்துத்துணிகள் சேர்ந்த பின், மருமகள் வேறொரு வழியைக் கண்டார். மாமியார் உறங்கிய பிறகு, அன்றைய பின்னலைப் பிரித்து, நூலை மீண்டும் உருண்டையாகச் சுற்றிக் கூடையில் வைத்துவிடுவார். காலையில் அதே நூல், அதே வேலை. செலவில்லை, இடப்பிரச்சினை இல்லை, எவருக்கும் தீங்கில்லை. நேற்றுப் பின்னியது நினைவிலில்லாத ஒருவரிடம் இதை மறைக்க வேண்டிய தேவைகூட இல்லை.

ஏறத்தாழ மூன்று வாரங்கள் இது நடந்தது. ஒரு காலையில் அம்மையார் உருண்டையைக் கையில் எடுத்தவர், பின்னத் தொடங்காமல் நூலின் முனையை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

“இது பிரிச்ச நூல்” என்றார்.

மருமகள் பேசவில்லை.

“யாரோ பின்னினதைப் பிரிச்சிருக்காங்க. பாவம். எதுக்குப் பிரிச்சாங்களாம்?”

பின்னலிலிருந்து பிரிக்கப்பட்ட கம்பளி நூல் நேராக இராது. ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அதில் சுருள் சுருளாகத் தங்கிவிடும். பழைய தில்லி வீடுகளில், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன ஸ்வெட்டர்களைப் பிரித்து, நூலைச் சரமாகச் சுற்றி நான்கு இடங்களில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சுமை கட்டித் தொங்கவிட்டு நேராக்குவார்கள். பிறகு புது நிறம் ஒன்றைச் சேர்த்துப் பெரிய அளவில் பின்னுவார்கள். அம்மையார் அதைப் பலமுறை செய்தவர். யார் பின்னியது என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னிய ஒருத்தியின் உழைப்பு வீணாயிற்று என்பது மட்டும் விரலில் தெரிந்தது. முகம் தெரியாத அந்த ஒருத்திக்காக அவர் இரங்கினார். அன்றைக்கு அந்த நூலை அவர் தொடவில்லை.

முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது ‘ஈடுபடுத்தி வைத்தல்’ என்னும் சொல் எளிதாகப் புழங்குகிறது. குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல, கையில் ஏதாவது கொடுத்தால் போதும் என்பது அதன் உட்கிடை. ஆனால் வேலை என்பதற்கு இரண்டு முனைகள் உண்டு: ஒரு முனையில் செய்பவர், மறுமுனையில் அது தேவைப்படுபவர். மறுமுனை இல்லாதது வேலை அன்று. நினைவு தேய்ந்தவருக்கும் இந்த வேறுபாடு புலப்படுகிறது என்பதைத்தான் அந்தச் சுருள் நூல் சொல்லியது.

மறுமுனை அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கிடைத்தது. அங்கு வசிக்கும் மலையாளச் செவிலியர் ஒருவர், அரசு மருத்துவமனையொன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரிபவர். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி எப்போதும் பற்றாக்குறை என்றார் அவர். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருக்கும் குழந்தையை உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த குழந்தை என்கிறது. அத்தகைய குழந்தையின் உடற்பரப்பில் தலை மட்டுமே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உடற்சூடு அந்த வழியே வெளியேறிவிடும். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ‘கங்காரு தாய் பராமரிப்பு’ முறையில், குழந்தை தாயின் வெறும் மார்பின் மீது மணிக்கணக்கில் அணைக்கப்பட்டிருக்கும். அப்போது அதன் உடலில் இருப்பவை பெரும்பாலும் மூன்றே: அரைத்துணி, காலுறை, தொப்பி. 2020-இல் இந்தியாவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 30 லட்சம் என்பது மதிப்பீடு. தொப்பி தேவைப்படும் தலைகளுக்குக் குறைவில்லை.

மருமகளின் யோசனையை மகன் ஏற்கவில்லை. வங்கி அதிகாரியான அவருக்கு இரண்டு தடைகள் இருந்தன. நாற்பதாண்டு உழைத்த தாயை இந்த வயதில் வேலை வாங்குவதா என்பது ஒன்று. அம்மா பின்னியதில் பிழை இருந்தால், பச்சிளங்குழந்தையின் தலையில் அதைப் போடுவது முறையா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தாயின் ஓயாத கேள்வியே விடை சொன்னது. இரண்டாவதற்கு விடை சொன்னவர் செவிலியர்.

முதல் தவணையாக அனுப்பிய பன்னிரண்டு தொப்பிகளுள் ஐந்தை அவர் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று மிகப் பெரியவை. ஒன்றின் உட்புறத்தில் நூல்முனை தொங்கியது. குழந்தையின் விரல் அதில் சிக்கக்கூடும். மற்றொன்றில் அழகுக்காக ஒரு பொத்தான் தைக்கப்பட்டிருந்தது. அது கழன்றால் ஆபத்து. “அம்மே, இது நல்ல பின்னல். ஆனா எங்க குஞ்ஞுக்கு தலை இத்தனைதான்” என்று அவர் தம் கைமுட்டியைக் காட்டினார். அம்மையார் அந்தக் கைமுட்டியைக் கூர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, திரும்பி வந்த தொப்பியில் கண்ணிகளை எண்ணலானார். தவறு சுட்டிக்காட்டப்பட்டபோது அவர் வருந்தவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் ஒருவர் வேலைத்தரம் பற்றிப் பேசியிருந்தார். பொய்யான வேலைக்குத் தரம் கிடையாது. எதைச் செய்தாலும் “ரொம்ப நல்லா இருக்கு” என்பார்கள்.

அதன் பின் வீட்டில் ஒரு சிறு பட்டறை உருவாயிற்று. 10-ஆம் எண் ஊசி, பலமுறை துவைத்தாலும் மிருதுவாக இருக்கும் குழந்தை நூல், 72 கண்ணிகள், இரண்டு சீதா இரண்டு உல்டா. வரிவரியாகப் புடைத்து இழுபடும் இந்தப் பின்னல், சற்றே அளவு மாறினாலும் தலையைக் கவ்விக்கொள்ளும். உலோக ஊசிக்குப் பதில் மூங்கில் ஊசி வந்தது. அதில் கண்ணி எளிதில் நழுவாது. எண்ணிக்கை தவறுவது தொடக்கத்தில்தான் என்பதால், கண்ணி ஏற்றும் பொறுப்பு மகனுக்குப் போயிற்று. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட அவர், இரவு உணவுக்குப் பின் மறுநாளைக்கான ஊசியை நிரப்பி வைப்பார். எங்கே குறுக்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சிவப்பு நூல் முடிச்சொன்று காட்டும். தலைப்பகுதியைக் குறுக்குவதும் ஓரத்தைத் தைப்பதும் மருமகளின் பங்கு. செய்து முடித்த தொப்பி ஒன்று மேசையில் மாதிரியாக எப்போதும் இருக்கும். கூடையின் மேல் பெரிய எழுத்தில் ஓர் அட்டை: “பிறந்த குழந்தைக்குத் தொப்பி. 72 கண்ணி. 2 சீதா, 2 உல்டா.”

இந்த ஏற்பாட்டின் பின்னே, அவர்கள் அறியாமலேயே, ஒரு மரபு இருக்கிறது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் நாடு திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கித் தம் கல்வி முறையை வளர்த்தார். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல், சொல்லால் விளக்காமல் செய்து காட்டுதல், பிழை தானே கண்ணுக்குத் தெரியும்படி கருவியை அமைத்தல், விளையாட்டுப் பொருளுக்குப் பதில் மெய்யான பொருளைக் கையில் கொடுத்தல் ஆகியவை அம்முறையின் கூறுகள். அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் 1990-களில் இவற்றை மறதிநோயாளருக்குப் பொருத்தினார். முதியவரைக் குழந்தையாக நடத்துவது அதன் நோக்கமன்று. குழந்தைக்கு மாண்டிசோரி அளித்த மதிப்பை முதியவருக்கும் அளிப்பதே நோக்கம். எழுதப்பட்ட குறிப்புக்கு அம்முறையில் முக்கிய இடமுண்டு. பேச்சு தடுமாறும் காலத்திலும் வாசிக்கும் பழக்கம் பலரிடம் எஞ்சி நிற்கிறது.

அந்த அட்டையை அம்மையார் ஒரு நாளில் முப்பது நாற்பது முறை வாசிப்பார். ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தி. “ஓ, குழந்தைக்கா!” என்று முகம் மலரும், கை விரையும். துயரச் செய்தியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு அழும் மறதிநோயாளர் உண்டு. நல்ல செய்திக்கும் அதே விதி பொருந்தும் என்பதை அந்த வீடு கண்டுகொண்டது.

சில நாள்களில் தொப்பிகள் வேறு திசையில் பயணப்பட்டன. “ஜவான்களுக்குச் சீக்கிரம் அனுப்பணும், அங்கே பனி” என்பார். 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டபோது அவருக்கு வயது 16. பருத்திச் சீருடையிலும் கான்வாஸ் காலணியிலும் இமயத்தின் உச்சிகளில் வீரர்கள் நிறுத்தப்பட்டிருந்த செய்தி வந்ததும், தில்லியில் பெண்கள் அமைப்புகளும் பள்ளிகளும் கம்பளி நூலைக் கையில் எடுத்தன. அவரும் வகுப்பு இடைவேளைகளில் குரங்குக் குல்லாய்களும் கழுத்துத்துணிகளும் பின்னியவர். போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. அவர் பின்னியவை எந்தத் தலையை அடைந்தன என்பது அவருக்குத் தெரியாது. மருமகள் அவரைத் திருத்தவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. “ஆமா அத்தை, அப்போ ஜவான்களுக்குப் பின்னினீங்க. இப்போ குழந்தைகளுக்கு” என்பார். அறுபதாண்டுகளை ஒரு வாக்கியத்தில் கடந்து, அம்மையார் மீண்டும் ஊசியை எடுப்பார்.

திருக்குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரமாக ஒப்புரவறிதல் வைக்கப்பட்டிருக்கிறது. இல்லாதவனுக்கு இருப்பவன் இரங்கித் தருவது ஈகை எனில், ஊரோடு சேர்ந்து வாழ்பவனின் இயல்பான கடமை ஒப்புரவு. மறதிநோய் ஒருவரை முற்றிலும் பெறுபவராக ஆக்கிவிடுகிறது. உணவும் மருந்தும் உடையும், தம் சொந்தக் கடந்தகாலமும்கூடப் பிறர் கையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அந்நிலையில் ஒரு தொப்பியை அனுப்புவது தருமம் என்பதைக் காட்டிலும், ஊரின் கணக்கில் தம் பெயர் இன்னும் இருக்கிறது என்பதற்குச் சான்று. மருத்துவமனைப் பதிவேட்டில் ஒவ்வொரு தவணையும் அவர் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டது.

நோய் நிற்கவில்லை, நிற்கும் என்று எவரும் சொல்லவும் இல்லை. இரண்டாம் குளிர்காலத்தில் சீதாவும் உல்டாவும் இடம் மாறத் தொடங்கின. 72 என்பது 68 ஆகவும் 75 ஆகவும் ஆயிற்று. பிழையான தொப்பிகளை அவர் அறியாமல் சரிசெய்து அனுப்பலாம் என்றார் மகன், மருமகள் மறுத்தார். மாற்றப்பட வேண்டியது வேலை என்றார். எல்லாமே நேர்ப்பின்னலாக அமையும் எளிய சதுரங்கள் வந்தன. ஓரிரு கண்ணி கூடினாலும் குறைந்தாலும் சதுரம் பிழைத்துக்கொள்ளும். அவற்றை இணைத்தால், கங்காரு முறையில் அமரும் தாய்க்குப் போர்வை. மூன்றாம் குளிர்காலத்தில் ஊசியே கனமாயிற்று. ஆனால் கட்டடத்தில் வேறு இரண்டு பெண்கள் தொப்பி பின்னத் தொடங்கியிருந்தார்கள். கடையில் சரமாக வரும் நூலை அவர்களுக்கு யாராவது உருண்டையாகச் சுற்றித் தந்தாக வேண்டும். அந்த வேலை அம்மையாருடையதாயிற்று. படியிறங்குவதுதான்; ஆனால் ஒவ்வொரு படியிலும் மறுமுனையில் ஒருவர் உண்மையாகவே காத்திருந்தார்.

எல்லோருக்கும் பின்னத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பூத்தொடுத்தவர், அரிசியில் கல் பொறுக்கியவர், கணக்கேடு எழுதியவர், சைக்கிள் துடைத்தவர் என ஒவ்வொருவர் கையிலும் ஏதோவொன்று தங்கியிருக்கிறது. வீட்டார் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: கை எதை மறக்கவில்லை? அது உண்மையில் யாருக்குத் தேவை? பிழை நேராதபடி அதை எத்தனைப் படிகளாகப் பிரிக்கலாம்? மருத்துவரின் ஆலோசனையும், 1992-இல் கேரளத்தில் தொடங்கி நாடெங்கும் கிளைவிட்ட இந்திய அல்சைமர் சங்கம் போன்றவற்றின் வழிகாட்டுதலும் இதற்குத் துணையாகும். மாலை நெருங்கக் குழப்பம் கூடுபவர்களுக்குக் காலை வேளையே ஏற்றது. களைப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். முடித்தது எத்தனை என்ற கணக்கு ஒருபோதும் கட்டளையாகிவிடக் கூடாது.

இந்தக் குளிர்காலத்தில் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, பாட்டிக்கு எதிரே அமர்ந்து நூல் சுற்ற உதவினாள். பேத்தியின் பெயர் அவருக்கு நினைவில்லை. சிறிது நேரம் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், உருண்டையை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இப்படி இறுக்கிச் சுத்தாதேம்மா. நூல் செத்துப் போயிடும். விரலை உள்ளே வச்சுச் சுத்து, அப்புறம் விரலை எடுத்துடு.”

பேத்தி அதைப் பிரித்து, விரலை வைத்து, முதலிலிருந்து சுற்றினாள்.